ரசாக் பாயின் கட்டைவிரல்

மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், லெமன் சோடா கடைக்கும் செல்போன் பழுது பார்க்கிற கடைக்கும் நடுவே பத்தடி அகலத்தில் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் கடை இருக்கிறது. போர்டு கிடையாது. ஊருக்கெல்லாம் போர்டும் ஸ்டிக்கரும் அடித்துக் கொடுக்கிற ஆள் தன் கடைக்கு ஒன்று மாட்டக் கூடாதா என்று கேட்காதவர்கள் இல்லை. அப்துல் ரசாக் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வார்.

"தேடிகினு வர்றவன் வந்தா போதும். போர்டைப் பாத்துட்டு வர்றவன் இன்னா எண்ணத்துல வர்றானோ, யாருக்குத் தெரியும்?"

ஆள் அப்படி. ஐம்பத்து மூன்று வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திப் பல்லாவரத்தில் ஒரு ஸ்டிக்கர் கடையில் மை கலக்கப் போனவர். கடைக்கு யாராவது வந்தால் "வாங்க" என்று சொல்வதற்கு முன்னால் "எதுக்கு?" என்பார். விசிட்டிங் கார்டு அடிக்க வருகிறவனிடம், அந்த ஆபீஸ் எங்கே இருக்கிறது, அங்கே உனக்கு என்ன வேலை, முதலாளி பெயர் என்ன என்று மூன்று கேள்வி. கல்யாணப் பத்திரிகைக்கு வந்த ஒரு வீட்டாரிடம் பெண்ணுக்கு வயது என்ன ஆகிறது என்று கேட்டு, அடி விழாத குறை.

இது பிறவிக் குணம் இல்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, வாய் நிறைய "அண்ணே" என்று ஒருவன் வந்தான். தலைக்குத் தடவுகிற எண்ணெய் பாட்டிலுக்கு லேபிள் வேண்டும் என்றான். அடித்துக் கொடுத்தார். அது நாலு பேருக்குத் தெரிந்த ஒரு கம்பெனி லேபிளின் அச்சு அசல் நகல் என்பது போலீஸ் வந்த பிறகுதான் தெரிந்தது. ஒன்றரை நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இவருக்கு ஒன்றும் தெரியாது என்று அவர்களுக்கே தெரிந்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் தெரு விடவில்லை. "டூப்ளிகேட் பாய்" என்று பெயர் வைத்தது. மகள் ஃபரா அப்போது மூன்றாவது படித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக் கூடக் கழற்றாமல், "அத்தா, டூப்ளிகேட்டுன்னா இன்னா?" என்று கேட்டாள். அந்தப் பெயர் கழுவிப் போக நாலு வருஷம் ஆனது.

அன்றிலிருந்து ரசாக் பாய் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். எந்த வேலை அடித்தாலும் அதில் ஒரு பிரதியை ஒட்டி, பக்கத்தில் தேதி, மணி, வந்தது யார், எதுக்கு என்று நாலு வரி எழுதிவிடுவார். இப்போது நடப்பது பதினோராவது நோட்டு. வீட்டுப் பத்திரத்தை எங்கே வைத்தோம் என்று மறந்தாலும் மறப்பார், அந்த நோட்டுகளை மறக்க மாட்டார்.

இப்படிப்பட்டவர் கடைக்குத்தான் ஒரு நாள் மிருதுளா வந்தாள். கழுத்தில் கல்லூரி அட்டை, தோளில் மூட்டை மாதிரி ஒரு பை. பொத்தேரியில் இறங்கிப் போகிற கல்லூரிகளில் ஒன்றில் ஆராய்ச்சி செய்கிறவள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தாள்.

"அண்ணா, இந்த மாதிரி பிளாஸ்டிக் ஷீட்ல அடிக்க முடியுமா?"

தீக்குச்சி நீளத்தில் மூன்று கோடு. நடுக்கோட்டின் தலையில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு வட்டம். பக்கத்துக் கோடுகள் இரண்டும் அந்த வட்டத்தைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி வளைந்திருந்தன. எழுத்து இல்லை, பெயர் இல்லை, படம் இல்லை.

"எதுக்கு?" என்றார்.

"லேப்புக்கு அண்ணா. மை நானே கொண்டு வந்திருக்கேன்." ஒரு சின்ன டின்னை வைத்தாள். "கார்பன் இங்க். காஸ்ட்லி. இதுல கரண்ட் பாயும்."

கரண்ட் பாயும் என்றதும் ரசாக் பாய் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"ஏம்மா, இது ஏடிஎம் மிஷின்ல சொருகுற சமாச்சாரம் எதுனா கீதா?"

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரனும் சிரித்த முகம்தான்.

"சுகர் பாக்க விரலைக் குத்தி ஒரு பட்டையில ரத்தம் வைப்பாங்களே, பாத்திருக்கீங்களா? அந்தப் பட்டைக்குள்ள இருக்கறதும் இந்த மாதிரி கோடுதான். நாங்க யூரிக் ஆசிட் பாக்க ஒண்ணு பண்றோம். அது உடம்புல ஜாஸ்தியானா கால் கட்டைவிரல் வீங்கி நடக்க முடியாம போயிடும்."

"கரிக்கோட்டுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?"

"கோட்டுக்குத் தெரியாது. அந்த வட்டத்து மேல நாங்க லேப்ல ஒரு சொட்டு மருந்து வச்சுக் காய வைப்போம். அப்புறம் மிஷின்ல மாட்டி, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம். யூரிக் ஆசிட் இருந்தா ஒரு குறிப்பிட்ட இடத்துல கோடு மேடு மாதிரி எழும்பும். எவ்வளவு இருக்கோ, மேடு அவ்வளவு உசரம். வெளிநாட்டுல இருந்து வர்ற பட்டை யானை விலை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கையால இதை அடிக்க முடிஞ்சா, ஏழை பாழைக்கும் கிடைக்கும். அதான் என் ஆராய்ச்சியே."

பேச்சு சரியாகத்தான் இருந்தது. பேச்சு சரியாக இருப்பதுதான் அவருக்குப் பயம். சீல் வைத்த கடிதம் இல்லாமல் ஒரு கோடும் இழுக்க மாட்டேன் என்று அனுப்பிவிட்டார். இரண்டு நாளில் கடிதம் கொண்டு வந்தாள். அவளுடைய பேராசிரியர் சத்யநாராயணன் கையெழுத்துப் போட்டிருந்தார். ரசாக் பாய் சீலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கடிதத்திலிருந்த போன் நம்பரை நம்பாமல், அந்தக் கல்லூரி விடுதிக்குத் தான் ஸ்டிக்கர் அடித்துக் கொடுக்கிற ஆபீசில் கேட்டு, அப்படி ஒரு பேராசிரியர் உண்டா, அப்படி ஒரு பெண் உண்டா என்று விசாரித்தார். எல்லாம் உண்டு என்றார்கள். கடிதத்தை நோட்டில் ஒட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

ஒரு ஷீட்டில் இருபது பட்டை. வலை கட்டிய ஃபிரேமை வைத்து, மையை ஊற்றி, ரப்பர் பட்டை வைத்த கட்டையால் ஒரே இழுப்பு. கை நடுங்கினால் கோடு பிசிறும், அழுத்தினால் வழியும். முப்பத்தொன்பது வருஷத்துக் கை, பிசிறவும் இல்லை, வழியவும் இல்லை. முதலில் அடித்த இரண்டு ஷீட்டைப் பார்த்துவிட்டு மிருதுளா போனிலேயே குதித்தாள். "அண்ணா, வெளிநாட்டுப் பட்டைக்குச் சமமா வருது!" அடுத்து இருபது ஷீட்டுக்கு ஆர்டர். இரண்டு வாரமாக, மற்ற வேலைகளுக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தார். கடப்பேரி வீட்டில் அவர் மனைவி ஹஃபீசா ஷீட்டுகளைக் கத்தரித்து, ஒவ்வொரு ஷீட்டின் இருபது பட்டையையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, மேலே அடித்த வரிசைப்படி நம்பர் எழுதிக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, மிருதுளாவோடு சத்யநாராயணனே வந்து இறங்கினார். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் மூன்று பேனா. கடைக்குள் வரவில்லை. வாசலில், சோடா கடைக்கு வந்து நிற்கிற கூட்டத்துக்கு நடுவிலேயே நின்று பேசினார்.

"மிஸ்டர் ரசாக், கால்வாசி பட்டை வேஸ்ட். யூரிக் ஆசிட் மேட்டுக்கு முன்னாடி இன்னொரு மேடு வருது. சாம்பிளே வைக்காம வெறும் உப்புத் தண்ணியில வச்சாலும் அந்த மேடு எழும்புது. அப்படின்னா மையில ஏதோ கலந்திருக்கு."

"கலந்து கீதா? யாரு கலந்தது?"

"அதை நீங்கதான் சொல்லணும். இங்க் விலை உங்களுக்குத் தெரியும். லோக்கல் கறுப்பு மையைச் சேத்து அடிச்சுட்டு, மிச்சத்தை..." மீதியை விழுங்கிவிட்டார்.

ரசாக் பாய் உள்ளே போய் டின்னைக் கொண்டு வந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். "எடை போட்டுப் பாருங்க சார்."

"எவ்வளவு இழுத்தீங்க, எவ்வளவு வீணாச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இதை நான் காலேஜ்ல எழுதிக் கொடுத்தாகணும். அப்புறம் விடுதி ஸ்டிக்கர், ரெக்கார்ட் நோட்டு அட்டை எதுவும் உங்ககிட்ட வராது. வேற வழியில்ல."

மிருதுளா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சோடா கடை யேசுதாசன், மூடி திறந்த பாட்டிலைக் கையில் பிடித்தபடி பேச்சை முழுசாகக் கேட்டார். நுரை பொங்கிக் கையில் வழிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் செல்போன் கடைக்காரனுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் பதினாறு வருஷத்துக்கு முந்தைய பெயர் சந்துக்குள் எழுந்து உட்கார்ந்துகொண்டது. யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. ஆனால் ஸ்டிக்கர் அடிக்க வந்த ஒருவன், "பாய், மை ஒரிஜினல்தானே?" என்று கேட்டான். வேலை போனால் போகட்டும், இன்னொரு வேலை வரும். அந்தப் பெயர் திரும்பி வந்தால் இந்த முறை கழுவ வயசு இல்லை. நாவலூரில் ஃபராவுக்கு மாமியார் வீடு இருக்கிறது. அவள் மகனும் அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போகப் போகிறான்.

உடனே மிருதுளாவுக்குப் போன் போட்டார். "உங்க லேப்லயே வந்து, உங்க சார் கண்ணு முன்னாடி அடிச்சுக் காட்றேன். வரலாமான்னு கேளு."

புதன்கிழமை ஃபிரேமைப் பழைய லுங்கியில் சுற்றி எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிக்கப் போனார். தாம்பரம் ஸ்டேஷனிலேயே காக்கிச்சட்டை ஒருவர் நிறுத்தி, லுங்கியைப் பிரிக்கச் சொன்னார். "இன்னாயா இது, ஜன்னலா?" அடுத்தவனையெல்லாம் கேள்வி கேட்டவர் அன்றைக்கு மூன்று கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினார்.

லேப்பில் எல்லோருக்கும் கொடுக்கிற மாதிரி அவருக்கும் வெள்ளைக் கோட்டும் ரப்பர் கையுறையும் கொடுத்தார்கள். பேராசிரியர் ஒரு ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். மூன்று ஷீட் அடித்தார். அங்கேயே காய வைத்து, அங்கேயே வெட்டி, மருந்து வைத்து, மிஷினில் மாட்டினார்கள். அறுபது பட்டையில் ஒன்றில்கூட அந்த முன்மேடு வரவில்லை. எல்லாம் கோடு போட்ட மாதிரி சமமாக இருந்தது.

ரசாக் பாய் நிமிர்ந்து பார்த்தார். "இப்ப இன்னா சொல்றீங்க சார்?"

சத்யநாராயணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அதான் நானும் சொல்றேன். நாங்க பாத்துகிட்டு இருக்கும்போது சரியாத்தானே வருது."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. நல்லவன் என்று காட்டப் போன இடத்தில், திருடன் என்பதற்குத் தானே அறுபது சாட்சி வைத்துவிட்டு வந்தது போல ஆகிவிட்டது. திரும்பி வருகிற ட்ரெயினில் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒருவர்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தார். மிஷின் கோளாறாக இருக்கும். மருந்தை அந்தப் பெண் மாற்றி வைத்திருப்பாள். ஷீட் விற்ற கடைக்காரன் பழசைத் தள்ளியிருப்பான். பெருங்களத்தூர் வந்தபோது வீட்டு ஞாபகம் வந்தது. வெட்டினது யார்?

வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "ஹஃபீசா, அந்தப் பட்டையெல்லாம் எதால வெட்டுன?"

"மீன் அரியற அருவாமனையில வெட்டுனேன். போதுமா?"

"தமாஷ் பண்ணாத. இன்னாவோ ஒட்டிகினு கீது அதுல."

"கத்தரிக்கோல் தனியா வாங்கினேன், கையில சோப்பு போட்டேன், பிளாஸ்டிக் விரிச்சு உக்காந்தேன். ஓரத்தைப் புடிச்சு வெட்டுனேனே தவிர அந்த வட்டத்து மேல என் நெழல்கூடப் படல. நம்பர் போடாதன்னு சொல்லியிருந்தா போடாம இருந்திருப்பேன். போட்டுத் தந்தேன் பாருங்க, எம்மேலதான் தப்பு." அடுப்படிக்குப் போனவள் அங்கிருந்தே தொடர்ந்தாள். "ஊர்ல இருக்கற அத்தனை பேர் மேலயும் கேஸ் போடுங்க. உங்க மேல மட்டும் போட்டுக்காதீங்க!"

நம்பர் என்ற வார்த்தை அவர் காதில் நின்றது. மிருதுளாவுக்குப் போன் போட்டு, கெட்டுப்போன பட்டைகள் எந்தெந்த நம்பர் கவரில் இருந்தவை என்று கேட்டார்.

"ஆறு, ஏழு, எட்டு, பதினஞ்சு, பதினாறு," என்றாள். "அந்த அஞ்சு கவர்லதான் அண்ணா. மத்த பதினஞ்சும் சுத்தம்."

மறுநாள் கடையில் பதினோராவது நோட்டைத் திறந்து, எந்த ஷீட்டை எந்தத் தேதியில் அடித்தார் என்று பார்த்தார். ஆறு, ஏழு, எட்டு மூன்றும் ஒரே தேதி. பதினைந்து, பதினாறு ஒரு வாரம் கழித்து. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். இரண்டும் வெள்ளிக்கிழமை.

நோட்டை மூடிவிட்டார். மனசுக்கு நன்றாக இல்லை. வெள்ளிக்கிழமை அடித்ததுதான் கெட்டது என்று அந்தப் பேராசிரியரிடம் போய்ச் சொன்னால், அதற்கு அவர் ஒரு அர்த்தம் எடுப்பார். யேசுதாசன் ஒரு அர்த்தம் எடுப்பார். தெரு நாலு அர்த்தம் எடுக்கும். சொல்லாமல் விட்டால் டூப்ளிகேட். வெள்ளிக்கிழமையில் அப்படி என்ன இருக்கிறது? மை அதே மை. ஃபிரேம் அதே ஃபிரேம். காலையில் அடித்து அடுக்கில் காய வைத்துவிட்டு, ஜும்ஆ தொழுகைக்குப் போய் வந்து எடுத்து வைக்கிறோம். அவ்வளவுதான்.

ஹஃபீசா சொன்னது நினைவுக்கு வந்தது. சரி, இந்த வெள்ளிக்கிழமை தன் மேலேயும் கேஸ் போட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தார். அடுத்தவன் பின்னாலேயே போய் வேவு பார்க்கிற மாதிரி, அன்று பூராவும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் மிச்சமிருந்த மையில் ஒரு ஷீட் அடித்து அடுக்கில் வைத்தார். பன்னிரண்டரைக்குக் கையை மண்ணெண்ணெயில் கழுவினார். அப்புறம் சோப்புத்தூள். தினமும் இதோடு சரி. ஆனால் மண்ணெண்ணெய் நாற்றத்தோடு பள்ளிவாசல் வரிசையில் போய் நின்றால் பக்கத்தில் தொழுகிறவன் முகத்தைச் சுளிப்பான். அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் யேசுதாசன் தன் கடைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் மக்கில் பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடிகளை இவருக்கென்று எடுத்து வைப்பார். அதில் நாலைந்தை எடுத்துக் கையிலும் விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் பரபரவென்று தேய்த்தார். துண்டால் துடைத்தார். சட்டையில் அத்தர் ஒரு தொடுகை. பள்ளிவாசலுக்குப் போனார். தொழுகைக்கு முன் கை கழுவியும் விரலில் எலுமிச்சையும் அத்தரும் மணத்தன. வந்தார். அடுக்கிலிருந்து ஷீட்டை இழுத்தார்.

கை தானாகப் போயிற்று. மை காய்ந்ததா என்று பார்க்க, வட்டங்கள்மேல் கட்டைவிரலை வைத்து வைத்து எடுத்தார். வட்டத்தில்தான் மை கனமாக உட்காரும், அதுதான் கடைசியில் காயும். தஸ்பீஹ் மணி உருட்டுகிற மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபதையும் தொட்டுப் போகிற விரல் மூன்றாவதிலேயே நின்றுவிட்டது.

பல்லாவரத்துக் கடையில் முதல் மாதம் கற்ற பழக்கம். மூச்சு விடுவதை யாராவது வேலை என்று சொல்வார்களா? அது மாதிரிதான். பேராசிரியர் முன்னால் அடித்தபோது கையுறை போட்டிருந்தார். இவர் தொட்டுப் பார்ப்பதற்கு முன் வேறு யாரோ வந்து எடுத்துப் போய்விட்டார்கள்.

கட்டைவிரலை மூக்கருகே கொண்டுபோனார். எலுமிச்சை, அத்தர், அடியில் இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய். இதில் எவன் திருடன்?

அங்கேயும் அவர் குணம் போகவில்லை. உடனே போன் போட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் சொல்லிவிட்டால், மிஷின் நிஜமாகவே கண்டுபிடித்ததா, இவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர்கள் தலையாட்டினார்களா என்று எப்படித் தெரியும்? அன்றைய ஷீட்டில் விரல் படாமல் மிச்சமிருந்த பதினேழு பட்டையில் பன்னிரண்டை வெட்டினார், ஹஃபீசா மாதிரியே ஓரத்தைப் பிடித்து. ஒவ்வொரு முறையும் கையை நன்றாகக் கழுவிவிட்டு, மூன்றில் வெறும் விரல், மூன்றில் மண்ணெண்ணெய் விரல், மூன்றில் அத்தர் விரல், மூன்றில் எலுமிச்சை விரல். எல்லாவற்றையும் கலைத்து, முதுகில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எழுதினார். எது எது என்பதை நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை பொத்தேரியில் மிருதுளா கையில் கவரைக் கொடுத்தார்.

"இதுல இன்னா இன்னா கீதுன்னு நான் சொல்ல மாட்டேன். உன் மிஷின் சொல்லட்டும்."

அவள் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணா, இப்படி மறைச்சு வச்சு டெஸ்ட் பண்ணணும்னு உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

"போலீஸ்காரன். என்னைய ஒரு ரூம்ல, லேபிள்காரனை ஒரு ரூம்ல உக்கார வச்சித்தான் கேட்டான்."

மருந்து வைத்துக் காய வைக்க ஒரு மணி நேரம். பிறகு ஒவ்வொன்றாக வெறும் உப்புக் கரைசலில் முக்கி மாட்டினாள். கம்ப்யூட்டர் திரையில் கோடு ஊர்ந்தது. முதல் பட்டை சமம். இரண்டாவது, ஆரம்பத்திலேயே ஒரு மேடு எழும்பி இறங்கியது. மூன்று, நாலு, ஐந்து, ஆறு சமம். வெறும் விரல் பட்ட ஒன்றிரண்டில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு நெளிவு, அதுவும் வேறு இடத்தில். ஏழாவதில் மறுபடி அதே இடத்தில் மேடு. பதினொன்றில் மறுபடி.

"ரெண்டு, ஏழு, பதினொண்ணு," என்றாள். "கெட்டுப்போன கவர்ல வந்த அதே மேடு, அதே இடம். அண்ணா, இதுல என்ன வச்சீங்க?"

ரசாக் பாய் நோட்டைத் திறந்து பார்த்தார். மூடினார். இன்னொரு தரம் திறந்து பார்த்தார். எலுமிச்சை: 2, 7, 11.

"எலுமிச்சம்பழம்," என்றார்.

மிருதுளா தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "வைட்டமின் சி! அண்ணா, யூரிக் ஆசிட் பாக்கறவங்க எல்லாருக்கும் பரம எதிரியே அதுதான். அதுவும் கரண்டுல கரைஞ்சு மேடு போடும். எங்க மருந்து ரெண்டையும் பிரிச்சுக் காட்டும். ஆனா பட்டையிலயே அது வந்து உக்காந்திருக்கும்னு யாருக்குத் தோணும்? ரெண்டு வாரமா நான் தூங்கல. நீங்க கட்டைவிரல்ல வச்சுக் கொண்டு வந்திருக்கீங்க!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நிம்மதி வந்தது, கூடவே ஒரு கசப்பும். திருடனைப் பிடித்தாயிற்று. ஆனால் அவன் ஒளிந்திருந்தது தன் கட்டைவிரலில். இனிமேல் விரல் வைக்காமல் அடித்தால் பட்டை சரியாகிவிடும், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அப்படி விட்டால், பாய்க்குப் பயம் வந்து கலப்படத்தை நிறுத்திவிட்டான் என்றுதான் பேச்சு முடியும். நேராக சத்யநாராயணன் அறைக்குப் போனார். மிருதுளா படங்களை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

சத்யநாராயணன் பன்னிரண்டு கோடுகளையும் பார்த்தார். நோட்டையும் வாங்கிப் பார்த்தார்.

"ஆக, தப்பு உங்க பக்கத்துலதான்," என்றார் கடைசியில்.

"ஆமா சார். கை என்னுது, அதுல தப்பு. மை உங்களுது, அதுல ஒரு சொட்டு கலப்படம் இல்ல. முதல்ல சொன்னத நான் ஒத்துக்கறேன். ரெண்டாவத நீங்க ஒத்துக்கணும்."

"சரி, ஒத்துக்கறேன். காலேஜுக்கு எதுவும் எழுதலை, எழுதவும் மாட்டேன்."

"இங்க ஒத்துகினா பத்தாது சார். எங்க வச்சு சொன்னீங்களோ அங்க வந்து சொல்லணும்."

"இதுக்காக நான் தாம்பரம் வரணுமா?"

"போன தபா வந்தீங்களே சார்."

செவ்வாய்க்கிழமை வந்தார். சோடா கடை வாசலில் அதே கூட்டம்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் முதலில் ஒரு லெமன் சோடா வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, வகுப்பில் பாடம் எடுக்கிற குரலில், "அன்னைக்கு நான் சொன்னது சரியில்ல. ரசாக் மையில எதையும் கலக்கல. பட்டையில இருந்தது எலுமிச்சம்பழம்," என்றார்.

யேசுதாசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யய்ய, சார், எலுமிச்சம்பழம் என் கடையது. அதுல இன்னா கோளாறு? வியாபார நேரத்துல இப்படிச் சொல்லாதீங்க!"

"கோளாறு இல்லப்பா. நல்லது அதிகமா இருக்கு. வைட்டமின் சி."

"அத்த முதல்லயே சொல்லுங்க சார்! இன்னொரு தபா, கொஞ்சம் சத்தமா!"

கூட்டம் சிரித்தது. செல்போன் கடைக்காரன் எட்டிப் பார்த்து, "பாய், அப்போ இனிமே உன் பேரு லெமன் பாய்," என்றான். ரசாக் பாய் அவனை ஒப்புக்குத்தான் முறைத்தார். அந்தப் பெயரோடு ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போய் வரலாம்.

பேராசிரியர் கிளம்பப் பார்த்தார். ரசாக் பாய் விடவில்லை. நோட்டைக் கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். ஒரு பக்கத்தில் ஏழாம் நம்பர் பட்டையும் ஒரு நல்ல பட்டையும் ஒட்டி, தேதி, மணி, வந்தது யார், எதுக்கு என்று எழுதி முடித்திருந்தார். கீழே இடம் விட்டிருந்தார்.

"இங்க ஒரு கையெழுத்து சார்."

சத்யநாராயணன் பேனாவை எடுத்தார். எடுத்தவர் நிறுத்திவிட்டு, சந்தேகமாகப் பார்த்தார்.

"எதுக்கு?"

பதினாறு வருஷமாகத் தான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அடுத்தவன் வாயிலிருந்து வந்தபோது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் ரசாக் பாய்க்குத் தெரிந்தது. கோபம் வரவில்லை. "முழுசாப் படிங்க சார். படிச்சிட்டுப் போடுங்க," என்றார்.

அவர் இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் போட்டார். அடுத்த ஐம்பது ஷீட்டுக்கு மை டின்னை மிருதுளா அங்கேயே வைத்துவிட்டாள், கூடவே ஒரு பெட்டி ரப்பர் கையுறை. இருவரும் சந்து முனை திரும்புகிற வரை ரசாக் பாய் வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் நாள் ஒட்டிய சீல் வைத்த கடிதத்தை அதே நோட்டில் தேடி எடுத்தார். அந்தக் கையெழுத்தையும் இந்தக் கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு சுழியாக ஒத்துப் பார்த்தார்.

பொருந்தியது. அப்புறம்தான் நோட்டை மூடினார்.